எட்டாம் வகுப்புக்கு வந்த கண்டம்

பிரிமேண்டில் துறைமுகம், ஆஸ்திரேலியா
2 டிசம்பர் 1998

அன்புள்ள அல்போன்சம்மா,

மாதா காவலில் இஞ்ச எனக்கு ஒரு குறையும் இல்ல. அங்க நீயும் நம்ம மக ஷைனாவும் சொகந்தானே? உனக்க முட்டுவலி எப்பிடி உண்டு? காரக்கோணம் ஆஸ்பத்திரியில தந்த மருந்தை முழுசாத் தின்னு முடிச்சியா, பாதியில விட்டுப்போட்டியா?

நான் பம்பாயில விமானம் ஏறி இஞ்ச வந்து சேர்ந்தாச்சு. கப்பலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னுட்டேன். நடுவில ஒரு இரும்புக் கோபுரம். தென்னைக்கு மேல தென்னையா நாலஞ்சு வச்சுக் கட்டினாப்பில உண்டு. பம்பாய் எண்ணெய்க் கிணறுகளில இத்தனை வருஷம் செய்த அதே வேலைதான் இஞ்சயும். குழாயோட குழாயை முடுக்கி கடலுக்கு அடியில இறக்கணும், தரையைத் துளைக்கணும், வந்ததை மேல ஏத்தணும். ஒரே வித்தியாசம், இவங்களுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வந்தா பயந்து துளையை மூடிப்போடுவாங்களாம். கல்லும் சேறும்தான் வேணும். அதைப் பார்க்கதுக்கு எட்டுப் பத்து தேசத்திலேர்ந்து படிச்சவங்க வந்திருக்காங்க.

நாளைக்குப் புறப்படுதோம். இந்தியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில, தெற்கே, கெர்கலன் எண்ணு ஒரு இடம். கடலுக்குள்ள கேரளாவைவிட எத்தனையோ மடங்கு பெரிய மேட்டு நிலம் முங்கிக் கிடக்காம். அது கண்டமா, வெறும் எரிமலைக் குழம்பா எண்ணு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அதுக்காக்கும் இந்தப் பாடு. நீ பிள்ளைகளுக்கு பூமி சாஸ்திரம் எடுக்கவதானே, உனக்குப் புடிக்கும் எண்ணு எழுதுதேன்.

சாப்பாட்டு மேசையில அவங்க பேசும்போ நான் தலையை மட்டும் ஆட்டுதேன். வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் எனக்கு உண்டு, மனுஷரோட பேசுததுக்கு உள்ளது இல்ல. பொழியூரில ஏழாம் கிளாசோட வலைக்குப் போனவன் வேற என்ன செய்வான்? ஷைனாவை இங்கிலீஷ் பள்ளியில சேர்த்தது நாம செய்த நல்ல காரியம். எனக்கு வந்த நாணக்கேடு அவளுக்கு வரப்பிடாது. எனக்கு இங்கிலீஷில ஒரு கடிதம் எழுதச் சொல்லு.

ஜூலையோட இந்தக் கான்ட்ராக்ட் தீரும். உனக்கு வேலை உண்டுல்லா, அந்தத் தைரியத்தில கடலை விட்டுட்டு வந்து ஊரில நிக்கலாம் எண்ணு உறுதியா நினைச்சிருக்கேன்.

உனக்கும் ஷைனாவுக்கும் என் முத்தம்.
சகாயதாஸ்

———

பாறசாலை
27 டிசம்பர் 1998

அன்புள்ள ஷைனா அப்பாவுக்கு,

பிறந்த பாலன் உங்களைக் கடலில் காக்கட்டும். நாங்கள் இருவரும் நலம். மருந்தை முடித்துவிட்டேன், வலியும் குறைவு. கிறிஸ்துமஸுக்குப் பொழியூரில் உங்கள் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். கடல் இரைச்சலாக இருந்தது. நீங்கள் எந்தக் குளிரில் நிற்கிறீர்களோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

உங்கள் கடிதத்தில் கப்பல் வருகிற பகுதியை எட்டாம் வகுப்பில் நான் தமிழில் பாடம் எடுக்கிற தமிழ் டிவிஷனில் வாசித்தேன். கேட்காமல் வாசித்ததற்குக் கோபிக்க வேண்டாம். வழக்கமாக என் வகுப்பில் மதியத்துக்குப் பிறகு பாதிப் பேர் தூங்குவார்கள். அன்று ஒருவரும் தூங்கவில்லை. சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் கெர்கலனைத் தேடினோம். அங்கே வெறும் நீலம்தான் இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. ஜிபின் என்று ஒரு பையன், "கல்லு எடுக்கதுக்கு அம்புட்டு தூரம் போவணுமா டீச்சர்? பாறசாலையில இல்லாத பாறையா?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஷைனாவின் ஆங்கிலக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதினாள். நீங்கள் கேட்டீர்கள் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

தலைமையாசிரியை விலாசினி டீச்சர் அடுத்த ஜூன் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வழக்கமாக நடக்கிற பேச்சுத்தான்.

இது உங்கள் கையில் கிடைக்க பிப்ரவரி ஆகும். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அல்போன்சம்மா

———

கடலில்
19 ஜனவரி 1999

அன்புள்ள அல்போன்சம்மா,

சொகமா உண்டு. தாடி வளர்ந்துபோச்சு. இதைத் துறைமுகத்தில போய்த்தான் தபாலில போட முடியும், எண்ணாலும் இன்னைக்கே எழுதல்லெண்ணா நெஞ்சு வெடிச்சுப்போவும்.

இஞ்ச கடல் நம்ம கடல் மாதிரி இல்ல. அலை ஒவ்வொண்ணும் ஒரு குன்று. கை மரத்து முடுக்கியைப் பிடிக்க முடியாது. ரெண்டு வாரமா எரிமலைக் கல்லுதான் வந்துட்டு இருந்தது. கறுப்பு, திரும்பவும் கறுப்பு. படிச்சவங்க முகமெல்லாம் வாடிப்போச்சு.

இன்னைக்கு என் காலை ஷிப்டில ஒரு குழாய் வந்தது. உள்ள இருக்க நீளக் கல்லை நாங்க தூக்கி மேடையில வச்சோம். கறுப்புக் கல்லுக்கு நடுவில ஒரு சாண் அளவுக்கு செம்மண் மாதிரி ஒரு அடுக்கு. அதில நகத்தளவு கறுத்த துண்டுகள். நான் கல்லெண்ணு நினைச்சேன். எல்கே எண்ணு ஜெர்மன்காரி ஒரு டாக்டர் உண்டு, பழைய காலத்துச் செடிகொடிகளைப் படிச்சவ. அவ குனிஞ்சு பார்த்தா. லென்சை எடுத்து வச்சுப் பார்த்தா. பிறகு தரையில அப்பிடியே உக்காந்துட்டா. எனக்குப் பயமாப் போச்சு, தலைசுத்தலோ எண்ணு கையைப் பிடிச்சுத் தூக்கினேன்.

அவ என் கையை விடாம, "மரம்" எண்ணு சொன்னா. அந்த இங்கிலீஷ் எனக்குப் புரிஞ்சுது. "இது மரம். எரிஞ்ச மரம்."

அல்போன்சம்மா, யோசிச்சுப் பாரு. சுத்தி ஆயிரக்கணக்கான மைலுக்குக் கரை கிடையாது. அடியில ஒரு கிலோமீட்டர் தண்ணி. அதுக்கும் அடியில, கல்லுக்குள்ள, மரம். அங்க ஒரு காலத்தில காடு இருந்திருக்கு. மழை பெய்திருக்கு. எரிமலை வந்து எரிச்சிருக்கு, திரும்பவும் முளைச்சிருக்கு. எல்லாம் பத்து கோடி வருஷத்துக்கு முந்தியாம். பிறகு அம்புட்டும் மெல்ல மெல்லக் கடலுக்குள்ள இறங்கிப்போச்சு.

ஆய்வுக்கூடத்தில வயசான ஆளுகள்லாம் பிள்ளைகளைப் போலக் கட்டிப்பிடிச்சு நின்னாங்க. என்னையும் இழுத்துப் பிடிச்சாங்க, எனக்க எண்ணெய்ச் சட்டையோட. நான் கரையில பிறந்தவன், கடல் மண்ணைத் தின்னுததைக் கண்டவன். முழு நாட்டையே தின்ன கதையை இன்னைக்குத்தான் கேக்கேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லு. ஷைனாவுக்கும் சொல்லு.

சகாயதாஸ்

———

பாறசாலை
2 மார்ச் 1999

அன்புள்ள ஷைனா அப்பாவுக்கு,

நீங்கள் கரை சேர்ந்த செய்தி படித்து மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். கப்பல் பழுதுபார்க்க மே மாதம் வரை துறைமுகத்திலேயே கிடக்கும் என்று தபாலட்டையில் எழுதியிருந்தீர்கள். இனி கடிதங்கள் சீக்கிரம் கிடைக்கும் என்பதில் பெரிய சந்தோஷம். நாங்கள் நலம்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் சமையலறையில் நின்றபடி படித்தேன். அடுப்பில் மீன் கரிந்தது. பிறகு ஷைனாவுக்கு வாசித்தேன். மறுநாள் வகுப்பில் வாசித்தேன். "இது மரம்" என்ற இடம் வந்ததும் பிரசீதா என்ற பெண் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து மலையாளம் டிவிஷன் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்கினார்கள். அவர்களுக்காக மலையாளத்தில் இன்னொரு தரம் சொன்னேன்.

அன்று பாடத்தை மூடி வைத்துவிட்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து கண்டங்களை வெட்டினோம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, கூடவே மடகாஸ்கர் தீவு. தரையில் பரப்பி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தோம். இந்தியாவை எங்கே வைப்பது என்று பெரிய தர்க்கம். கடைசியில் அண்டார்டிகாவுக்கு மேலே, மடகாஸ்கரை ஒட்டி வைத்தபோது கேரளத்தின் கரை போய்ப் பொருந்தியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் விலாசினி டீச்சர் அடிதடி என்று நினைத்து ஓடி வந்தார். பிறகு அவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவை நகர்த்திப் பார்த்தார்.

கேள்விகள் குவிந்துவிட்டன. கண்டம் நகரும்போது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? முங்கின நாட்டில் ஆட்கள் இருந்தார்களா? எல்லாவற்றையும்விட ஜிபின் கேட்டது இது: "அந்தக் காலத்தில களியக்காவிளை செக்போஸ்ட் எந்தப் பக்கம் கிடந்தது? தமிழ்நாடும் கேரளாவும் அப்ப சேர்ந்துதானா கிடந்தது?" நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் கோடு போட்டு நாற்பத்துச் சொச்சம் வருஷந்தான் ஆகிறது, பாறைக்கு அது தெரியாது என்றேன். எல்கே அம்மாவிடம் கேட்டு நல்ல பதில் எழுதுங்கள்.

அன்று மாலை நான் கொண்டுவந்த அட்டைத் துண்டுகளை ஷைனாவும் வீட்டுத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

அன்புடன்,
அல்போன்சம்மா

———

பிரிமேண்டில்
20 மார்ச் 1999

அன்புள்ள அல்போன்சம்மா,

உன் கடிதம் கிடைச்சு. எனக்கு ஒரு நோவும் இல்ல, நல்லாச் சாப்பிடுதேன், ஒறங்குதேன். நீ தலையில எண்ணெய் வச்சுக் குளிக்கியா? வெயில் காலமாக்கும், பார்த்துக்கோ.

பிள்ளைகளுக்க கேள்வியை எல்கேகிட்ட கேட்டேன். பாதி வாயால, பாதி கையால. அவ ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டில வச்சா. இதுதான் தெற்கே இருந்த பெரிய கண்டம், கோண்டுவானா எண்ணு பேரு. நம்ம நாட்டில மத்தியில உள்ள ஒரு காட்டுப் பகுதிக்க பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. பூமிக்கு அடியிலேர்ந்து சூடு ஏறி ரொட்டியைக் கிழிச்சுது. ஒரு துண்டு இந்தியா. அது அண்டார்டிகாவை விட்டு, ஆஸ்திரேலியாவை விட்டு, பிறகு மடகாஸ்கரையும் விட்டு வடக்கே ஓடிச்சு. ஓடினது எண்ணு சொன்னா வருஷத்துக்கு ஒரு சாண் அளவுக்குத்தான். அதுவே கண்டங்களுக்குப் பெரிய ஓட்டமாம். போய் ஆசியாவில இடிச்சுது, இமயமலை பொங்கிச்சு. இன்னும் இடிச்சுக்கிட்டே இருக்காம். மேல நிக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது எண்ணு பிள்ளைகள்ட்ட சொல்லு, வளருத நகம் நமக்குத் தெரியாத மாதிரி.

அப்பிடிக் கிழிஞ்ச இடத்தில பொங்கினதுதான் இந்தக் கெர்கலன். ஆளு யாரும் அங்க இருக்கல்ல. அது முங்கிக் கோடிக்கணக்கான வருஷம் கழிஞ்சாக்கும் மனுஷன் ஆப்பிரிக்காவில எழும்பி நடந்தது. நடந்து நடந்துதான் எல்லாக் கண்டத்துக்கும் போய்ச் சேர்ந்தான். நம்ம கரை வழியாத்தான் ஆஸ்திரேலியா வரைக்கும் போனான் எண்ணும் சிலர் சொல்லுதாங்களாம். அப்ப பொழியூர் மணலிலயும் அந்தக் கால் பட்டிருக்கும்.

ஜிபினுக்குப் பதில்: பாறசாலையிலயும் பாறை உண்டு, அண்டார்டிகாவிலயும் அதே வகைப் பாறை உண்டு. ஒரே அடுப்பில வெந்ததாம். செக்போஸ்ட்டு கதையைச் சொன்னதும் எல்கே சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டிப்போனா.

மரத்தை எடுத்துத் தர சட்டம் இல்ல. ஆனா பூதக்கண்ணாடியில வச்சு எடுத்த போட்டோ ஒண்ணு தந்தா. இதோட வச்சிருக்கேன். அதில தெரியுத சின்னச் சின்ன அறையெல்லாம் மரத்துக்க நரம்பாக்கும்.

ஷைனாவுக்க இங்கிலீஷ் கடிதம் அழகா இருந்தது. எண்ணாலும் அதில அவளைக் காணல்ல, கேட்டியா. எட்டாம் கிளாசுக்கு அவளுக்கு இங்கிலீஷ் டியூஷன் ஏற்பாடு செய். பதில் எழுது.

சகாயதாஸ்

———

பாறசாலை
12 ஏப்ரல் 1999

அன்புள்ள ஷைனா அப்பாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடிருக்கட்டும். ஈஸ்டருக்கு உங்களுக்காகவும் ஒரு இடம் போட்டுச் சாப்பிட்டோம். நாங்கள் சுகமே.

போட்டோ வந்த அன்று அதை மேசையில் வைத்து நானும் ஷைனாவும் மாறி மாறிப் பார்த்தோம். பெரிய தேன்கூடு மாதிரி இருக்கிறது. பத்து கோடி வருஷத்து மரத்தில் தண்ணீர் ஏறிய வழியை நாம் பார்க்கிறோம் என்று அவளிடம் சொன்னபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது.

லீவுதான், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் அலைச்சல். பொழியூருக்கும் பக்கத்துக் கடற்கரைக்கும் அடிக்கடி போகிறேன். போட்டோவையும் அட்டைக் கண்டங்களையும் பையில் வைத்துக்கொண்டு போய் வீட்டு முற்றங்களில் காட்டுகிறேன். கரையில் இந்தக் கதை எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள். வலை பின்னுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். ஒரு கிழவர், தன் அப்பா காலத்தில் கரை எங்கே இருந்தது என்று கடலுக்குள் கையை நீட்டிக் காட்டினார். "அம்புட்டு பெரிய நாடே முங்கும்போ நம்ம கரை என்ன கணக்கு" என்றார். பிறகு பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்த டீச்சர்கிட்ட படிக்கியா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெரிய படம் ஒன்று வரையப் போகிறோம். லீவிலும் பிள்ளைகள் வருகிறார்கள். அதியன்னூரில் இருந்துகூட ஒருவர் தன் மகனைக் கூட்டி வந்தார். இருபது வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன், பாடம் என் பின்னால் ஓடி வருவது இதுதான் முதல் முறை.

வேறு விசேஷம் இல்லை. கடலுக்குப் போகிற தேதி எழுதுங்கள்.

அன்புடன்,
அல்போன்சம்மா

———

பிரிமேண்டில்
3 மே 1999

அன்புள்ள அல்போன்சம்மா,

நான் நல்லா உண்டு. நீ அலையுதது மனசுக்கு ஒக்கல்ல. வெயிலில முட்டுவலியோட கரைக்கும் வீட்டுக்குமா எதுக்கு ஓடுதே? கதை சொல்லத்தானா?

நீ எழுதினதை நான் மூணு தரம் படிச்சேன். எல்லாம் உண்டு, ஷைனாவுக்க படிப்புக் காரியம் இல்ல. டியூஷன் எண்ணு கேட்டேன், பதில் இல்ல. உனக்க வேலையைப் பத்தியும் ஒரு வரி இல்ல. தாலி கட்டி பதினாலு வருஷம் ஆச்சு. நீ எதை எழுதல்லியோ அதில தான் காரியம் இருக்கும் எண்ணு எனக்குத் தெரியாதா? மாமியாருக்கு உடம்பு முடியாம இருந்தப்பவும் நீ மாங்காய் விளைச்சலைப் பத்தித்தான் எழுதினே.

நல்லதோ கெட்டதோ எழுதிப்போடு. இருபதாம் தேதி கப்பல் புறப்படும். ஜூலை பாதி வரைக்கும் தபால் கிடையாது. இன்னொரு கான்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆபீசில கேக்காங்க. நான் ஊருக்குப் போறவன் எண்ணு சொல்லியாச்சு. அது சரிதானே?

இந்தத் தடவை வேற இடத்தில துளை போடுதோம். அங்கயும் மரம் கிடைக்குமோ எண்ணு எல்லாரும் இப்பமே பேச்சு. எல்கே ஊருக்குப் போயாச்சு. போம்போ உன் பிள்ளைகளுக்கு அன்பு சொல்லச் சொன்னா.

ஷைனாவுக்கு முத்தம். பதிலுக்குக் காத்திருக்கேன்.

சகாயதாஸ்

———

பாறசாலை
6 ஜூன் 1999

அன்புள்ள ஷைனா அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்காகத் துறைமுகத்தில் ஒரு மாசம் காத்துக் கிடக்கும். உங்களுக்கு உடம்பு சுகந்தானா? நாங்கள் இருவரும் சுகம். அதை முதலில் நம்பிக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் போகிற நிலைமை. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் மேலாபீசில் இருந்து வந்து தலை எண்ணுவார்கள். கணக்குக்குக் குறைந்தால் டிவிஷன் இல்லை, டிவிஷன் இல்லாவிட்டால் என் வேலையும் இல்லை. டிசம்பரிலேயே விலாசினி டீச்சர் சொல்லிவிட்டார். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் மறு பேச்சில்லாமல் அடுத்த கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். நீங்கள் ஊருக்கு வர வேண்டும் என்ற ஆசையில் மறைத்தேன்.

வீடு வீடாகப் போனது அதற்குத்தான். உங்கள் கடிதங்களைக் கேட்டுக் கரையில் இருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஏழோடு படிப்பை நிறுத்தியவர்கள்கூட வந்தார்கள். ஆனாலும் போதவில்லை. மே கடைசியில் ஞானையன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், எட்டுக்குப் போக வேண்டியவர்கள். அரை மணி நேரம் கண்டம், காடு என்று நான் பேசியதை அவர் மரியாதையாகக் கேட்டார். பிறகு ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டே, "டீச்சருக்க பிள்ளை எங்க படிக்கு?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஷைனா பார்த்துவிட்டாள். மறைக்காமல் சொன்னேன். அவள், "அப்பாவுக்க கடிதத்தை உங்க கிளாசிலதானே வாசிக்குது. நான் மட்டும் என்னத்துக்கு வீட்டிலேர்ந்து கேக்கணும்? என்னை அங்க சேருங்கம்மா" என்றாள். முதலில் வேண்டாம் என்றேன். உங்கள் நாணக்கேட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இங்கிலீஷை அங்கயும் ஒரு பாடமாச் சொல்லித்தருவாங்கல்லா" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். அவள் மாறவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி அவளைத் தமிழ் டிவிஷனில் சேர்த்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்க வழி இல்லை என்பது பாதி உண்மைதான். கேட்டால் கூடாது என்பீர்கள் என்ற பயம் மீதி. நாளை மறுநாள் தலையெண்ணல். முடிவு எதுவானாலும் எழுதுகிறேன்.

அல்போன்சம்மா

———

பாறசாலை
9 ஜூன் 1999

அன்புள்ள ஷைனா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுதக்கூட பொறுமை இல்லாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன், மன்னியுங்கள்.

நேற்று காலை நல்ல மழை. கரையில் இருந்து வருகிற பஸ் வரவில்லை. வகுப்பில் பாதி பெஞ்சு காலி. ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கி, விலாசினி டீச்சர் அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் நின்று ரோட்டைப் பார்த்தேன். சுவரில் பிள்ளைகள் வரைந்த படம் ஈரத்தில் பளபளவென்று இருந்தது. இரண்டு ஆள் நீளம், கண்டமெல்லாம் ஒட்டிக் கிடக்கும் படம்.

சாயா முடிந்து அவர் எழுந்த நேரம் ஒரு மீன் லாரி வாசலில் வந்து நின்றது. பின்னால் தெப்பமாக நனைந்த பிள்ளைகள். பஸ் வராது என்று தெரிந்ததும் உங்கள் அண்ணன்தான் சந்தைக்குப் போகிற லாரியை மறித்து எல்லாரையும் ஏற்றி விட்டிருக்கிறார். இறங்கிய வேகத்தில் வகுப்புக்குள் மீன் வாடை. அவர்களுக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஞானையனும் இரட்டைப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் ஷைனா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார், தன் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார்.

ஆபீசர் எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். பிறகு பெயர் விவரங்களைப் பார்த்து ஷைனாவை எழுப்பினார். இங்கிலீஷ் பள்ளியில் இருந்து இங்கே ஏன் வந்தாய், டீச்சருடைய மகள் என்பதால் தலைக்கணக்கை நிரப்ப உட்கார வைத்தார்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். "இஞ்ச ஒரு கண்டம் கிடைச்சிருக்கு சார். அங்க அது இன்னும் புக்கில வரல்ல."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். ஷைனா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினாள். கெர்கலன் எங்கே, இந்தியா எப்படிப் பிரிந்தது, மரம் எத்தனை ஆழத்தில் கிடைத்தது, எல்லாம் சொன்னாள். இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட ஜிபினும் வந்து நின்று இடையிடையே திருத்தினான். அவர் மழை நின்ற பிறகும் போகவில்லை. கடைசியில், அந்த மரம் என்ன மரம் என்று அவரே கேட்டார். அது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

டிவிஷன் இந்த வருஷம் நிற்கும். எழுத்தில் தந்துவிட்டுப் போனார்.

என்னைத் திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் அல்போன்சம்மா

———

பிரிமேண்டில்
16 ஜூலை 1999

அன்புள்ள அல்போன்சம்மா,

நேத்து கரை வந்தோம். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டுபேரும் சொகந்தானே.

உனக்க ரெண்டு கவரும் ஒண்ணாக் கிடைச்சு. ஒவ்வொண்ணா வரிசையாத்தான் படிச்சேன். முதல் கடிதத்தைப் பாதி படிச்சதும் எழும்பி நேரா ஆபீசுக்கு நடந்தேன். நீ பயந்தது சரி. வேலை போச்சு எண்ணுதான் நினைச்சேன், இன்னொரு கான்ட்ராக்ட்டில கையெழுத்துப் போடத்தான் போனேன். ஆபீசர் சாப்பிடப் போயிருந்தாரு. வெளியில பெஞ்சில இருந்து மீதியைப் படிச்சேன். ஷைனா காரியம் வந்ததும் கோவத்தில கண்ணு இருட்டிச்சு. கடிதத்தைச் சுருட்டிக் கையில பிடிச்சுட்டேன். என் பிள்ளை காரியத்தை என்னைக் கேக்காம முடிவு செய்ததுக்கு நான் இன்னும் உன்மேல கோவமாத்தான் உண்டு. அதை நேரில சண்டை போட்டுத்தான் தீர்க்கணும், கடிதத்தில தீராது.

பிறகு ரெண்டாவது கவரைக் கிழிச்சேன். லாரி வந்த இடத்தில எழும்பி நின்னேன். ஷைனா பதில் சொன்ன இடத்தை எத்தனை தரம் படிச்சேன் எண்ணு எனக்குத் தெரியாது. சுருட்டின முதல் கடிதத்தைத் தொடையில வச்சு நீவி விட்டேன். ஆபீசர் வந்து பேனாவைத் தந்தாரு. எனக்கு டிக்கெட்டுதான் வேணும் எண்ணு சொன்னேன்.

அவளுக்கு இங்கிலீஷ் வேணும், அதில நான் விட்டுத்தர மாட்டேன். அவளுக்கு மட்டுமில்ல, எனக்கும் வேணும். சாயந்திரம் அவளும் நானும் ஒரே மேசையில இருந்து படிக்கோம். அவ புக்கில உள்ளதைச் சொல்லித்தரட்டும், நான் கப்பலில கேட்ட வார்த்தையைச் சொல்லித்தாறேன். பகலில அவ உனக்க கிளாசில இருக்கட்டும்.

அந்த மரம் என்ன மரம் எண்ணு இஞ்சயும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியல்ல. ஊசியிலை மரம் எண்ணு ஒருத்தர் சொல்லுதாரு, இல்லெண்ணு இன்னொருத்தர். ஆய்வுக்கூடத்தில போய் என் அரைகுறை இங்கிலீஷில நானே கேட்டேன். தெரியல்ல எண்ணு படிச்சவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லும்போ அம்புட்டு சந்தோஷமா உண்டு, அல்போன்சம்மா.

இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை காலையில திருவனந்தபுரத்தில வந்து இறங்குவேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வரண்டாம். நீ லீவு எடுக்கவும் வேண்டாம், ஷைனாவை நிறுத்தவும் வேண்டாம். ரெண்டுபேரும் கிளாசில இருங்க. பெட்டியைத் தூக்கிட்டு நான் நேரா அங்க வாறேன்.

சகாயதாஸ்